தேறலை ஊற்றத் தேறியவர் வேண்டாமா?

எஸ்.ஆர்.பி. டூல்ஸ் பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் ஒரு டீக்கடை. மத்தியானம் மூன்றரை மணிக்கு அங்கே நின்றால் சென்னை ஓ.எம்.ஆர். ஓட்டல்களின் பிரேக் ஷிஃப்ட் ஆட்களைப் பார்க்கலாம். கறுப்பு பேன்ட், பாலிஷ் போட்ட ஷூ, மேலே மட்டும் கசங்கிய டி-ஷர்ட். ஆறு மணிக்கு மறுபடியும் உள்ளே போக வேண்டியவர்கள். போன மே மாதம் அங்கேதான் என் பழைய சகா ஒருவரைப் பார்த்தேன். இப்போது ஒரு ஓட்டலில் எஃப் அண்ட் பி மேனேஜர். பேச்சு ஒயின் படிப்பு பக்கம் திரும்பியது. "பாட்டிலைத் தொறந்து ஊத்துறதுக்கு ஒரு சர்டிஃபிகேட்டாண்ணே? நல்லா சிரிக்கத் தெரிஞ்ச பையன் போதும். மீதியை ரெண்டு நாள்ல நானே சொல்லிக் குடுத்துருவேன்" என்றார். சொல்லிவிட்டுக் கடைப் பக்கம் திரும்பி, "மாஸ்டர், ரெண்டு டீ. ஒண்ணுல சக்கரை கம்மி" என்றார்.

டீ ஆற்றுகிறவர் மாஸ்டர். பரோட்டா வீசுகிறவர் மாஸ்டர். ஐயாயிரம் ரூபாய் பாட்டிலைத் திறக்கிறவன் பையன்.

இது அவர் ஒருவருடைய அபிப்பிராயமாக இருந்தால் டீயோடு விட்டிருப்பேன். ஓட்டல் தொழிலில் இது கிட்டத்தட்ட வேதவாக்கு. ஆளை எடுக்கும்போது குணத்தைப் பார், தொழிலைப் பிறகு பழக்கிக்கொள்ளலாம் என்பார்கள். ஒயின் விற்பனை எத்தனை சதவீதம், இது பிராந்தி குடிக்கிற ஊர், லண்டன்காரன் பரீட்சைக்கு இங்கே என்ன வேலை என்று கேட்பார்கள். அனுபவம் தராததையா காகிதம் தந்துவிடும் என்பார்கள். வீட்டில் இதே கருத்து இன்னும் சுருக்கமாக வரும்: "ஊத்திக் குடுக்கறதுக்குப் படிப்பு வேறயா?" முதலாளிக்கு அது செலவுக் கணக்கு, வீட்டுக்கு மானக் கணக்கு. நடுவில் நிற்பவன் அந்தப் பையன்.

ஸ்டூவர்டாகச் சேர்ந்து கேப்டனாகி, இருபத்தாறு வருஷம் இந்த வேலையில் இருந்துவிட்டு வெளியே வந்தவன் நான். அந்த அபிப்பிராயம் ஆரம்பம் முதல் கடைசி வரை தப்பு என்று நினைக்கிறேன். ஒயின் ஒரு கலை, ஒரு கலாசாரம் என்று சொல்ல வரவில்லை. அதைச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்கள் பேச்சு எனக்கே அலுப்புத் தட்டும்.

சூட்டிலிருந்து ஆரம்பிக்கலாம். ஓ.எம்.ஆரை ஒட்டிய பெருங்குடியில் வேறு எதிலிருந்து ஆரம்பிப்பது?

ரெண்டு நாள் டிரெய்னிங்கில் முதல் நாளே சொல்லித்தருவது: "ரெட் ஒயினை ரூம் டெம்பரேச்சர்ல கொடுக்கணும்." எந்த ரூம்? அந்தப் பேச்சு பிறந்தது ஹீட்டர் வராத காலத்து ஐரோப்பியக் கல் வீடுகளில். அங்கே அறைச் சூடு என்றால் 16, 18 டிகிரி. நம் ரெஸ்டாரன்டில் ஏ.சி. ஓடினாலே 24. பேங்க்வெட் முடிந்து ஏ.சி.யை நிறுத்திவிட்ட ஹாலின் ஓரத்தில் அட்டைப்பெட்டியோடு கிடக்கும் பாட்டில், மறுநாள் 32 டிகிரியில் டேபிளுக்கு வரும். அந்தச் சூட்டில் ஒயினின் மற்ற வாசனையெல்லாம் அமுங்கி, ஆல்கஹால் மட்டும் மூக்கில் ஏறும். குடித்தால் வெந்நீரில் வைத்த இருமல் சிரப். கெஸ்ட் முகத்தைச் சுளித்துவிட்டு, ஒயின் என்றால் இப்படித்தான் போலிருக்கிறது என்று முடிவுகட்டி அடுத்த தடவை விஸ்கிக்குப் போய்விடுவார். அதன் பிறகு மேனேஜர், "இங்க ஒயின் ஓடாதுண்ணே" என்று எனக்குச் சொல்வார்.

இதைச் சரிசெய்ய ஒரு வாளி போதும். பாதி ஐஸ், பாதி தண்ணீர், பாட்டில் கழுத்துவரை முழுகக் கால் மணி நேரம். வெறும் ஐஸை மட்டும் கொட்டினால் கட்டிகளுக்கு நடுவே காற்றுதான் நிற்கும், பாட்டில் சீக்கிரம் குளிராது. தண்ணீர் ஊற்றினால்தான் கண்ணாடியைச் சுற்றிலும் தொடும். ஆனால் ரெட் ஒயினை ஐஸ் வாளியில் வைக்கும் ஸ்டூவர்டைப் பார்த்து, விமானத்தில் நாலு தடவை போய்வந்த கெஸ்ட் சிரிப்பார்: "தம்பி, ரெட் ஒயினை யாராவது ஐஸ்ல வைப்பாங்களா?" இந்த இடத்தில்தான் ரெண்டு நாள் டிரெய்னிங் பல்லைக் காட்டும். அதில் பையனுக்குக் கிடைத்தது 'என்ன செய்யணும்' மட்டும். 'ஏன்' என்று ஒருவர் கேட்டதும் அவன் கையில் ஒன்றும் இல்லை. சாரி சார் என்று பாட்டிலை வெளியே எடுத்துவிடுவான். காரணம் தெரிந்தவன், "அஞ்சு நிமிஷம் குடுங்க சார், ஐஸ்ல வச்சது, வைக்காதது ரெண்டையும் ஊத்தித் தரேன், நீங்களே பாருங்க" என்பான். நான் பார்த்தவரை அந்தப் பந்தயத்தில் கெஸ்ட் ஜெயித்ததில்லை.

அடுத்தது, எனக்கே நடந்தது. கேப்டனாகி ஆறு மாதம் இருக்கும். ஓட்டல் பெயர் வேண்டாம். ஒரு டேபிளில் பிரெஞ்சு பாட்டிலைத் திறந்து, முறைப்படி ஹோஸ்டுக்குக் கொஞ்சம் ஊற்றினேன். அவர் மோந்து பார்த்தார். சந்தேகத்தோடு என்னைப் பார்த்தார். நான் சிரித்தேன். சிரிக்கத்தான் தெரியும். "ஓகேவா?" என்றார். "சூப்பர் சார்" என்றேன். மழையில் ஊறிய அட்டைப்பெட்டி வாசனை எனக்கும் அடித்தது, விலை உயர்ந்த ஒயின் அப்படித்தான் வாசனை அடிக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பாதி குடித்தார்கள், முழு பில்லும் கட்டினார்கள். இரண்டு வருஷம் கழித்து ஒரு பயிற்சி வகுப்பில் கெட்டுப்போன ஒயின் மாதிரியை மூக்கருகே நீட்டியபோது அந்த ராத்திரி அப்படியே எழுந்து வந்தது. தக்கையிலிருந்து ஒயினுக்குள் இறங்கும் டிரைகுளோரோஅனிசோல், சுருக்கமாக டி.சி.ஏ. ஸ்விட்சர்லாந்தில் ஹான்ஸ் டானர் என்ற ஆய்வாளர் 1980-களின் தொடக்கத்தில் அதை அடையாளம் காட்டினார். ஒரு லட்சம் கோடிப் பங்கில் சில பங்கு இருந்தாலே பழகிய மூக்கு பிடித்துவிடும். உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஒயின் மட்டும் செத்துப்போயிருக்கும்.

முதலில் கொஞ்சம் ஊற்றிக் காட்டும் சடங்கு இதற்காகத்தான். 'கெட்டுப்போயிருக்கிறதா பாருங்கள்' என்பது அதன் பொருள். நம் ஊரில் அதை 'பிடிச்சிருக்கா' என்று கேட்பதாக ஊற்றுகிறவனும் நினைக்கிறான், குடிப்பவரும் நினைக்கிறார். வசனம் தெரியாத இரண்டு பேர் நடிக்கும் நாடகம் அது. பின்னாளில் ஒரு ஸ்டூவர்ட் அந்த வாசனையைச் சரியாகப் பிடித்து மேனேஜரிடம் கொண்டுபோனதையும் பார்த்திருக்கிறேன். "பழம் நறுக்கிப் போட்டு சாங்ரியாவுல கலந்துரு" என்று பதில் வந்தது. அவனும் கலந்தான். மூக்கு இருந்தது, பேச வாய் இல்லை. இந்தப் பையனிடம் பின்னால் திரும்ப வருகிறேன்.

எதிர்த்தரப்பின் கையில் இருக்கும் நல்ல ஆயுதங்களை மறைக்க எனக்கு விருப்பமில்லை. போர்தோவில் ஃபிரெடெரிக் புரோஷே செய்த சோதனை 2001-ல் வெளியானது. 54 ஒயின் மாணவர்களுக்கு வெள்ளை ஒயினில் வாசனையில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார். அவர்கள் ரெட் ஒயினுக்குச் சொல்லும் வார்த்தைகளையே வரிசையாக எழுதித் தந்தார்கள். கலிஃபோர்னியாவில் ராபர்ட் ஹாட்ஜ்சன் என்பவர், போட்டி நடுவர்களுக்கு ஒரே ஒயினைத் திரும்பத் திரும்பக் கொடுத்து மதிப்பெண்களை ஒப்பிட்டு 2008-ல் எழுதினார். பத்தில் ஒருவர்தான் நிலையாக நின்றார். பிறகு 2018. உலகிலேயே கடினமானது என்று பெயர்பெற்ற, ஒயின் பரிமாறுபவர்களுக்கான மாஸ்டர் சொமெலியர் தேர்வில், அமெரிக்கப் பிரிவின் சுவைத் தேர்வில் என்னென்ன ஒயின் வரும் என்பது முன்கூட்டியே கசிந்து, தேறிய 23 பேரின் முடிவு ரத்தானது.

எல்லாம் உண்மை. புரோஷேயின் சோதனை கவிழ்ப்பது, 'ஈரக் கற்பாறை, பழைய தோல்பை, காட்டு ஸ்ட்ராபெரி' என்று கோப்பைக்குள் கவிதை தேடும் வித்தையை. அது கவிழ்ந்தால் நான் கண்ணீர் விடமாட்டேன். 18 டிகிரியா 32 டிகிரியா என்று சொல்ல கவித்துவம் வேண்டாம், தெர்மாமீட்டர் போதும். தேர்வு முறைகேடு என்றால், டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் மறையும் மையால் எழுதி மாட்டி, 2020-ல் 99 பேர் வாழ்நாள் தடை வாங்கவில்லையா? அதற்காக இனி வி.ஏ.ஓ. வேலைக்குச் சிரித்த முகம் போதும் என்று யாராவது சொன்னோமா?

சிரிப்புக்கு வருகிறேன். சிரிப்பு என்ன செய்யும் என்று ஒரு டேபிளில் பார்த்தேன். மயிலாப்பூரிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த அம்மா, மகள் வாங்கித்தந்த வெள்ளை ஒயினைக் கையில் வைத்துக்கொண்டு, "இது வெஜ்தானேப்பா?" என்று கேட்டார். பையன் முகமெல்லாம் சிரிப்பாக, "ஆமா மேடம், திராட்சைதான்" என்றான். ஒயினைத் தெளிய வைக்க முட்டையின் வெள்ளைக்கருவையோ, பால் புரதத்தையோ, மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பசையையோ போடும் வழக்கம் உண்டு. எல்லா ஒயினிலும் இல்லை, ஆனால் உண்டு. "தெரியல மேடம், கேட்டுச் சொல்றேன்" என்பதுதான் சரியான பதில். அப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்பதே தெரியாதவன் எதைப் போய்க் கேட்பான்? அவன் பொய் சொல்லவில்லை. சிரித்தான், அவ்வளவுதான்.

அனுபவம் கற்றுத்தரும் என்பார்கள். எனக்கு 'சூப்பர் சார்' சொல்லும் தைரியத்தைத்தான் கற்றுத்தந்தது. தப்பை யாரும் தப்பு என்று சொல்லாத இடத்தில் பத்து வருஷம் நின்றால், அந்தத் தப்பில் பத்து வருஷம் கைதேர்ந்திருப்போம். ஸ்பார்க்ளிங் பாட்டிலுக்குள் கார் டயரைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அழுத்தம் இருக்கிறது, தக்கை கண்ணில் பாயும். அதையும் அனுபவத்தில்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

இவ்வளவு நேரம் சொன்னதெல்லாம் சுவை, காசு, சங்கடம். இனிச் சொல்வது உயிர் விவகாரம்.

வெள்ளிக்கிழமை ராத்திரி பதினோரு மணி. ஏதோ ஒரு டீமின் பார்ட்டி. ஒருவருக்கு முன்னால் டேபிளில் கார் சாவி. "ஒயின்தானே, ஜூஸ் மாதிரி" என்று நாலாவது கிளாஸ் கேட்கிறார். கணக்குப் போடுங்கள். ஒரு கிளாஸ் 150 மில்லி, 13 சதவீதம்: ஆல்கஹால் மட்டும் 19.5 மில்லி. நம் ஊர் விஸ்கி 42.8 சதவீதம், ஸ்மால் 30 மில்லி: 13 மில்லிக்குக் கொஞ்சம் குறைவு. ஆக ஒரு கிளாஸ் ஒயின், ஒன்றரை ஸ்மால். மூன்று முடித்தவர் நாலரை ஸ்மாலில் இருக்கிறார். ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராம் தாண்டினாலே மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவு. முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை ஜெயிலோ இரண்டுமோ. இந்தக் கணக்கு தெரியாத ஸ்டூவர்ட் ஊற்றிவிட்டுப் போவான். தெரிந்தவன்? அவனும் ஊற்றிவிட்டுத்தான் போவான். மாட்டேன் என்று சொல்ல அவன் யார்? சொன்னால் கெஸ்ட் மேனேஜரைக் கூப்பிடுவார், மேனேஜர் பையனைக் கூப்பிடுவார்.

கனடாவின் ஒன்டாரியோவில் இந்த டேபிள் வேறு மாதிரி இருக்கும். ஸ்கார்பரோவில் ரெஸ்டாரன்ட் வேலைக்குப் போகும் நம் பிள்ளை, ஸ்மார்ட் சர்வ் சான்றிதழ் இல்லாமல் ஒரு பீர்கூட ஊற்ற முடியாது. போதையில் இருப்பவருக்கு ஊற்றக்கூடாது என்பது அங்கே சட்டம், எப்படி மறுப்பது என்பது பாடம். ஆஸ்திரேலியாவில் ஆர்.எஸ்.ஏ. என்று இதே மாதிரி ஒரு சான்றிதழ். கலிஃபோர்னியாவில் 2022 முதல் இந்தப் பயிற்சி கட்டாயம். பிரிட்டனில் மது விற்பனைக்குப் பொறுப்பேற்பவர் அதற்கென்று பரீட்சை எழுதித் தனிநபர் உரிமம் வாங்க வேண்டும். இவர்கள் யாரும் ஒயினைக் கும்பிடுவதற்காக இந்த விதிகளைப் போடவில்லை.

இங்கே என்ன இருக்கிறது? சமையல், பரிமாறல் என்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையம், 25 பேருக்கு ஒருவராவது பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் வேண்டும் என்கிறது. இட்லிக்கு ஆள் உண்டு. மதுவுக்கு, ஓட்டலுக்கு எஃப்.எல்.3 உரிமம் உண்டு, சரக்கை டாஸ்மாக்கிடம்தான் வாங்க வேண்டும், 21 வயது ஆகாதவருக்குக் கொடுக்கக்கூடாது. உரிமம் கட்டடத்துக்கு இருக்கிறது, ஊற்றும் கைக்கு இல்லை. சாங்ரியாவில் கலந்த அந்தப் பையனுக்கு இல்லாமல் போனது இதுதான். அவன் மூக்கு சரியாக இருந்தது. "இது கெட்டது, இதை ஊற்றினால் என் உரிமம் போகும்" என்று சொல்ல ஒரு பிடி இல்லை. டிரைவர் லைசென்ஸ் போகும் என்று சொல்லித்தான் ஒரு டிரைவரால் முதலாளியின் அவசரத்தை மறுக்க முடிகிறது. தகுதிச் சான்றிதழ் கெஸ்டுக்குப் படம் காட்ட மாட்டும் பேட்ஜ் என்று நினைப்பதால்தான் மேனேஜருக்கு அது வீண் செலவாகத் தெரிகிறது. ஊற்றுகிறவனுக்கு அது மறுக்கும் உரிமை. எல்லா முதலாளிகளுக்கும் இது தெரியாது என்று நான் நம்பவில்லை. சிலர் தெரிந்துதான் வேண்டாம் என்கிறார்கள்.

இனி வீட்டுக்காரர்களின் மானக் கணக்கு. புறநானூற்றின் 56-ஆவது பாட்டில் நக்கீரனார், யவனர் கொண்டுவந்த தேறலைப் பொற்கலத்தில் பாண்டியனுக்கு ஏந்திக் கொடுக்கும் பெண்களைப் பேசுகிறார். அரிக்கமேட்டில் 1945-ல் தொல்லியலாளர் வீலர் தோண்டியபோது மண்ணுக்குள்ளிருந்து வந்தவற்றில் ரோமானிய மதுச் சாடிகளின் ஓடுகளும் உண்டு. ஆக ஒயின் நமக்கு நேற்று வந்த சரக்கு இல்லை. தேறல் என்றால் தெளிந்தது. தெளிந்த மதுவுக்கும், பரீட்சையில் தேறுவதற்கும் தமிழ் ஒரே வேரை வைத்திருக்கிறது. அதற்குமேல் நீட்டினால் பட்டிமன்றம் ஆகிவிடும். ஆனால் பெண் பார்க்கப் போன இடத்தில் "மாப்பிள்ளை ஓட்டல்ல என்ன செய்றார்?" என்று கேட்டபோது, என்னோடு இருந்தவன் "அக்கவுன்ட்ஸ்" என்று சொன்னதைக் கேட்டுக்கொண்டு நானும் வாயை மூடிக்கொண்டிருந்தவன்தான். பெண்களுக்கு இது இரண்டு மடங்கு. மது பரிமாறும் இடத்தில் பெண்கள் வேலை செய்யக்கூடாது என்ற பஞ்சாப் கலால் சட்டத்தின் 30-வது பிரிவு டெல்லியில் 2007 வரை வழக்கில் இழுபட்டது. அனுஜ் கார்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது. பாதுகாப்பு என்று சொல்லி வேலையைப் பறிக்காதே, வேலையிடத்தைப் பாதுகாப்பாக்கு என்பது தீர்ப்பின் சாரம். குடும்பம் அந்த வேலையை மதிக்க வேண்டுமென்றால், முதலில் அந்த வேலைக்கு ஒரு தகுதி இருக்கிறது என்றாவது ஊருக்குத் தெரிய வேண்டாமா?

அப்படியானால் எல்லாரும் லண்டன் பரீட்சை எழுதட்டும் என்கிறேனா? இல்லை, இங்கே நான் படிப்பு விற்பவர்களோடும் சண்டை போட வேண்டியிருக்கிறது. 1969-ல் தொடங்கிய லண்டன் ஒயின் கல்வி அமைப்பான டபிள்யூ.எஸ்.இ.டி.யின் முதல் நிலை ஒரு நாள் பாடம், 30 கேள்வி, 45 நிமிடம். உள்ளே இருப்பது நல்ல சரக்குதான்: எப்படிச் சேமிப்பது, எவ்வளவு குளிர்விப்பது, எது கெட்டது. ஆனால் மேலே போகப் போகக் கட்டணம் ஒரு ஸ்டூவர்டின் மாதச் சம்பளத்தைத் தாண்டும். பாடம் இங்கிலீஷில். பர்கண்டியின் எந்தச் சரிவில் எந்தத் திராட்சை என்று மனப்பாடம் செய்கிறவனுக்கு, கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர் திராட்சை மஸ்கட் ஹாம்பர்க் வகை என்று யாரும் சொல்வதில்லை. 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. ஓட்டல் பட்டியலில் பாதி நாசிக் ஒயின், படிப்பு முழுக்க வெளிநாடு.

பெருங்குடி ஸ்டேஷனில் பறக்கும் ரயில் ஏறினால் அடுத்த நிறுத்தம் தரமணி. அங்கே சி.ஐ.டி. வளாகத்தில் மத்திய அரசின் ஓட்டல் மேனேஜ்மென்ட் கல்லூரியே இருக்கிறது. மூன்று வருஷப் பட்டப் படிப்பு எல்லா ஸ்டூவர்டுக்கும் வாய்க்காது. ப்ளஸ் டூவோடு வேலைக்கு வந்தவனுக்கு, தமிழில், பிரேக் ஷிஃப்ட் நேரத்தில், ஒரு வாரப் பாடம் போதும். கெட்ட ஒயினின் மாதிரியை மோந்து பார்க்க வேண்டும், குடிக்கத் தேவையில்லை. தெர்மாமீட்டர், ஸ்மால் கணக்கு, சாவியோடு இருப்பவரிடம் எப்படிப் பேசுவது, தெரியாததைத் தெரியாது என்று எப்படிச் சொல்வது. கடைசி நாள் ஒரு டேபிளில் செய்து காட்டித் தேற வேண்டும். தேறியவர் ஒருவராவது ஷிஃப்டில் இல்லையென்றால் பார் திறக்கக்கூடாது என்று எஃப்.எல்.3 நிபந்தனையில் ஒரு வரி. இட்லிக்கு இருக்கும் விதியைவிட இது கடுமையில்லை.

இதையெல்லாம் அன்றைக்கு அந்த டீக்கடையில் சொன்னேன். சகா கேட்டுக்கொண்டே இருந்தார். ஒப்புக்கொள்ளவில்லை. "நல்லாத்தான் இருக்கு, யாருண்ணே காசு போடுவா?" என்றார். நியாயமான கேள்வி. ஒரு கெட்ட பாட்டிலின் விலையில் எத்தனை பேரைப் படிக்க வைக்கலாம் என்று நான் கணக்குச் சொல்ல ஆரம்பித்தபோது, மாஸ்டர் எங்கள் பக்கம் பார்த்தார்.

"சார், அஞ்சு நிமிஷம் பொறுங்க. பால் ஒரு மாதிரி இருக்கு."

அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்கினார். கரண்டியில் கொஞ்சம் எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். இரண்டு லிட்டர் இருக்கும், அப்படியே சாக்கடையில் ஊற்றினார். கல்லாவில் இருந்த முதலாளி சத்தம் கேட்டுத் திரும்பி, ஊற்றி முடிக்கும்வரை பார்த்துவிட்டு, புது பாக்கெட்டை எடுத்து நீட்டினார்.